ஒகாகுரா கக்குசோ: தேநீருக்கு நூல் எழுதியவர்

திம்புள்ளையில் பிறந்தவர்களுக்குத் தேயிலை புதினமல்ல. ஜனவரி முதல் மார்ச் வரை, பகலில் காய்ந்த காற்றும் இரவில் கடுங்குளிரும் அடிக்கும் நாட்களில்தான் எங்கள் பக்கத்துத் தேயிலைக்கு நல்ல மணம் ஏறும் என்பது இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆனால் தேநீரைப் பற்றி ஒருவர் தத்துவ நூலே எழுதியிருக்கிறார் என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அவர் யாரென்று தேடிப் படித்தேன்.

ஒகாகுரா கக்குசோ 1863இல் ஜப்பானின் யொகொஹாமா துறைமுக நகரில் பிறந்தார். தந்தை சாமுராய் குலத்தவராயினும் பட்டு வியாபாரம் பார்த்தவர். கடையின் மூலைப் பண்டகசாலையில் பிறந்ததால், 'மூலை', 'பண்டகசாலை' என்று பொருள்படும் இரண்டு எழுத்துகளால் பிள்ளைக்குப் பெயர் எழுதினார்களாம். கடைக்காரர் மகளான எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்தது. பின்னாளில் அவர் ஓசையை மாற்றாமல் எழுத்துகளை மட்டும் மாற்றி, விழிப்பு என்ற பொருள் வரும்படி எழுதிக்கொண்டார்.

சீனத்திலிருந்து ஜப்பானியர் பெற்ற அந்த எழுத்துகளுக்குக் 'கஞ்ஜி' என்று பெயர். (நோன்புக் கஞ்சியை நினைத்துவிடாதீர்கள்!) நம் எழுத்து ஓசையைக் காட்டும், கஞ்ஜி பொருளையும் காட்டும். தேயிலைக்குரிய எழுத்தில் மேலே புல், கீழே மரம் போன்ற வடிவம், இடையில் ஒரு மனிதன் நிற்பதுபோன்ற கோடுகள். கொழுந்து பறிக்கும் பெண்ணை மலையில் தூர நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும். நாம் சொல்லும் 'தே'யும் மலையாளிகள் சொல்லும் 'சாயா'வும் அந்த ஒரே எழுத்தின் இருவேறு சீன உச்சரிப்புகளிலிருந்து வந்தவைதாம்.

சிறுவன் கக்குசோ மிஷனரியிடம் ஆங்கிலம் கற்றுச் சரளமாகப் பேசினான். ஒருநாள் தந்தையோடு போகையில் வழியில் நின்ற எல்லைக்கல்லை வாசிக்கச் சொன்னாராம் தந்தை. அவனால் ஓர் எழுத்துக்கூட வாசிக்க முடியவில்லை. உடனே ஒரு கோயில் மடத்தில் விட்டுச் சீன இலக்கியம் படிக்க வைத்தார்கள். ஆங்கிலமும் விடப்படவில்லை. இதைப் பெற்றோர்கள் இரண்டு முறை வாசிக்க வேண்டும்!

பல்கலைக்கழகத்தில் அரசியல் பற்றி எழுதிய ஆய்வை, மனைவி ஏதோ கோபத்தில் எரித்துவிட்டாராம். இரண்டே வாரங்களில் கலை பற்றி வேறொன்று எழுதிக் கொடுத்து 1880இல் பட்டம் பெற்றார். அந்த அம்மையாரின் கோபத்துக்குக் கலையுலகம் கடமைப்பட்டிருக்கிறது. மேல்நாட்டு மோகத்தில் ஜப்பானியர் தம் பழைய ஓவியங்களையும் சிற்பங்களையும் அற்ப விலைக்கு விற்ற காலம் அது. தம் ஆசிரியர் பெனலோசாவுடன் கோயில் கோயிலாகச் சென்று அவற்றைப் பதிவு செய்தார். 1890இல் டோக்கியோ நுண்கலைப் பள்ளியின் அதிபரானார். 1898இல் பதவி போனது. அவருக்காகப் பல ஆசிரியர்களும் விலகினர். அவர்களைக் கொண்டே புதிய கலைக்கழகம் தொடங்கினார்.

1902இல் இந்தியாவில் விவேகானந்தரையும் தாகூர் குடும்பத்தாரையும் சந்தித்தார். 1904இல் பொஸ்டன் நூதனசாலைக்குச் சென்றார். 1906இல் வெளிவந்தது 'தேநீர் நூல்'. நேரே ஆங்கிலத்திலேயே எழுதினார். பச்சைத் தேயிலைத் தூளை மூங்கில் துடைப்பத்தால் அடித்து நுரைக்க வைக்கும் சடங்கும், நாலரைப் பாய் அளவுள்ள தேநீர் அறையும் அதில் வருகின்றன. அந்த அறையின் வாசல் மூன்றடிக்கு மேற்படாது. பிரபுவானாலும் வாளை வெளியே வைத்துவிட்டுக் குனிந்துதான் நுழைய வேண்டும்.

எனக்கு ஒரு குறை உண்டு. ஏழு அத்தியாயங்களில் பூவுக்கு ஓர் அத்தியாயம், அறைக்கு ஓர் அத்தியாயம். கொழுந்து பறிக்கும் கைக்கு ஒன்றுமில்லை. அந்த 1906இல் இங்கே லயங்களில் வாழ்ந்தவர்கள் விடியுமுன் கூடையோடு மலையேறிக்கொண்டிருந்தார்கள். தேயிலைக்கான எழுத்தின் நடுவில் நிற்கும் மனிதனை அவர் இன்னும் சற்று நேரம் பார்த்திருக்கலாம்.

1913 செப்டெம்பர் 2இல், ஐம்பதாவது வயதில் காலமானார். நான்கு ஆண்டுகளின் பின் அதே பொஸ்டன் நூதனசாலைக்கு இந்தியக் கலைப் பிரிவின் காப்பாளராகச் சென்றவர், கண்டிக் கைவினைஞரின் வேலைகளை 1908இல் நூலாக்கிய, கொழும்பில் பிறந்த நம் ஆனந்த குமாரசுவாமி.