ஏற்கப்படாத எச்சரிக்கை

நிலநடுக்கத்தை முன்னுணர முயன்றோருள் ஜப்பானிய அறிஞர் அகித்சுனே இமாமுரா நினைக்கத்தக்கவர். 1870இல் ககோஷிமாவில் பிறந்த அவர், டோக்கியோப் பல்கலைக்கழகத்தில் நிலநடுக்கவியல் பயிற்றுவித்தார். பழைய நடுக்கங்களின் இடைவெளிகளைக் கணக்கிட்டு, ஐம்பதாண்டுகளுக்குள் தலைநகரைப் பெருநடுக்கம் தாக்கும் என்றும், தீயால் இலட்சம் பேர் மடியக்கூடும் என்றும், தீத்தடுப்புக்கு உடனே வழிகாண வேண்டும் என்றும் 1905இல் எழுதினார்.

மக்கள் கலங்கினர். துறைத்தலைவர் ஒமோரி அக்கருத்தை ஆதாரமற்றதென மறுத்தார். ஊரார் இமாமுராவைப் பொய்யர் எனத் தூற்றினர். அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

1923 செப்டம்பர் 1 நண்பகலில் நிலம் அதிர்ந்தது. இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் தீக்கு இரையாயினர். அவ்வாண்டே ஒமோரி மறைய, அவரது இருக்கை இமாமுராவுக்கு வந்தது.

நடுக்கம் வரும் நாளைக் குறிக்க அவராலும் இயலவில்லை. இன்றைய அறிவியலாலும் இயலவில்லை. காத்துக்கொள்ளும் வழியை அவர் முன்னரே சொல்லியிருந்தார். 1948இல் மறையும்வரை அப்பணியையே தொடர்ந்தார்.