சாரணர் தந்தை பேடன் பவல் பிரபு

தாயகத்துப் பாடசாலைகளிலே காக்கி உடையும் கழுத்துக் குட்டையும் அணிந்து, கயிற்றில் முடிச்சிடப் பழகிய பெற்றோர் நம்மிடையே பலர் உளர். அவ்வியக்கத்தைத் தோற்றுவித்தவரின் வரலாற்றை நம் பிள்ளைகளும் அறிதல் வேண்டும்.

றொபேட் பேடன் பவல் 1857 பெப்ரவரி 22 ஆம் நாள் இலண்டனிலே பிறந்தார். மூன்று வயதிலே தந்தையை இழந்த அவரைத் தாயாரே வளர்த்து ஆளாக்கினார். சாட்டர்ஹவுஸ் கல்லூரியிலே பயின்ற காலத்தில், அருகிருந்த காட்டினுள் மறைந்து முயல் பிடித்து, ஆசிரியர் கண்ணிற் புகை படாதவாறு சமைத்துண்டாராம். ஆசிரியராயிருந்த நாம் இதனைப் பாராட்டல் தகாது. ஆயினும் அக்காடே அவருக்கு முதற் பள்ளியாயிற்று.

1876 இல் படையிற் சேர்ந்து இந்தியா சென்றார். 1899 இல் தென்னாபிரிக்காவிலே போயர் போர் மூண்டபோது, மாபெக்கிங் என்னும் சிறுநகரை 217 நாட்கள் முற்றுகையினின்று காத்தார். அங்கே சிறுவர் அணியொன்று துவிச்சக்கரவண்டிகளிலே செய்திகளைச் சுமந்து திரிந்தது. இங்கிலாந்து அவரை வீரரெனக் கொண்டாடியது. அதே முற்றுகையில் ஆபிரிக்க மக்கள் வெள்ளையரிலும் குறைந்த உணவு பெற்று, பலர் பட்டினியால் மடிந்தனர் என்பதையும் மறைத்தலாகாது. போரின் நடுவே பிள்ளைகள் ஓடித்திரியக் கண்டவர் நாம். அதனை வீரமென்று மட்டும் படிக்க நம்மால் இயலவில்லை.

நாம் அவரை மதிப்பது பின்னர் அவர் செய்த பணிக்காகவே. படைவீரருக்கென அவர் எழுதிய நூலொன்றை இங்கிலாந்திலே சிறுவரும் விரும்பிப் படித்தனர். அதுகண்டு, 1907 ஆகஸ்ட் மாதம் பிறவுண்சீத் தீவிலே சுமார் இருபது சிறுவரைக் கூட்டிப் பாசறை அமைத்தார். செல்வர் மைந்தரும் தொழிலாளர் மைந்தரும் ஒன்றாயிருந்து தடம் பார்க்கவும் தீ மூட்டவும் முதலுதவி செய்யவும் பழகினர். மாபெக்கிங் சிறுவரின் சுறுசுறுப்பு அங்கிருந்தது, குண்டுமழை இல்லை.

1908 இல் சிறுவர்க்கான சாரணிய நூல் வெளிவந்தது. அதனைப் படித்த சிறுவர் எவரும் ஏவாமலே தாமாக அணி சேர்ந்தனர். 1910 இல் தமக்கும் அணி வேண்டுமென்ற சிறுமியருக்காகத் தம் சகோதரி ஆக்னெசின் துணையோடு பெண்சாரணியத்தைத் தொடக்கினார். 1912 இல் இலங்கையின் மாத்தளையிலே பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் முதற் குழுவை அமைத்தார். மலையடிவாரத்துச் சிற்றூரொன்றிலிருந்தே சாரணியம் நம் பாடசாலைகளுக்கும் பரவிற்று. 1920 இல் இலண்டனில் நிகழ்ந்த முதலாவது உலகப் பேரணியிலே பேடன் பவல் உலகின் தலைமைச் சாரணராக ஏற்கப்பட்டார்.

இறுதிக் காலத்தில் கென்யாவின் நையேரியிலே குடியமர்ந்தார். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருக்க, 1941 ஜனவரி 8 ஆம் நாள் அங்கேயே காலமானார். பிறந்த மண்ணுக்கு வெகுதொலைவில் உள்ள அக்கல்லறையிலே ஒரு வட்டமும் அதன் நடுவே ஒரு புள்ளியும் பொறிக்கப்பட்டுள்ளன. தடத்தின் முடிவிலே சாரணர் இடும் அக்குறிக்கு, வீடு திரும்பிவிட்டேன் என்பது பொருள்.