ஜியோவன்னி மிக்கெலோட்டி

ஜியோவன்னி மிக்கெலோட்டி (அக்டோபர் 6, 1921 – சனவரி 23, 1980) இத்தாலியத் தானுந்து வடிவமைப்பாளர் ஆவார். பிரித்தானியாவின் டிரையம்ப் நிறுவனத்துக்காக எரால்டு, ஸ்பிட்பயர், ஸ்டாக் ஆகிய தானுந்துகளை வடிவமைத்தார்.

வாழ்க்கை

தூரின் நகரில் பிறந்த இவர், இளவயதில் பரினா பட்டறையில் பயிற்சி பெற்றார். 1949 இல் தனி வடிவமைப்பகம் தொடங்கினார்.

தமிழகத் தொடர்பு

1959 இல் வெளிவந்த எரால்டு, தனி அடிச்சட்டத்தின் மீது அமைந்தது. தாம்பரத்துக்குத் தெற்கே வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை, 1961 முதல் இதனை ஸ்டாண்டர்டு எரால்டு என்ற பெயரில் தயாரித்தது. 1968 இல் இந்தியாவுக்கென நான்கு கதவு வடிவமும் வெளிவந்தது.

திறந்த தானுந்தும் பாதுகாப்பும்

எரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி உருவாக்கப்பட்டதே 1962 இல் வெளிவந்த ஸ்பிட்பயர் என்னும் திறந்த விளையாட்டுத் தானுந்து. அடிச்சட்டமே சுமையைத் தாங்கியதால் கூரை தேவைப்படவில்லை. ஆனால் கூரையோடு, இருக்கைப் பட்டையின் தோள் முனையைத் தாங்கும் உயர்ந்த பக்கத் தூணும் இல்லாமற்போயிற்று. இத்தகைய தானுந்துகளில் அம்முனை இருக்கைக்குப் பின்னே தாழ்வாகப் பொருத்தப்பட்டால், மோதலின்போது பட்டை தோளைக் கீழ்நோக்கி இழுத்து முதுகெலும்பை அழுத்தக்கூடும். வண்டி கவிழ்ந்தால், பட்டை பயணியை இருக்கையில் இருத்துமேயன்றித் தலையைக் காக்காது.

1970 இல் வெளிவந்த ஸ்டாக்கில் இருக்கைகளுக்கு மேலே வளைவுச் சட்டம் ஒன்று அமைந்தது. அதிலிருந்து முன்கண்ணாடிச் சட்டம் வரை ஒரு தண்டு நீண்டது. இவ்வமைப்பு வண்டியுடலை உறுதிப்படுத்தியதுடன், கவிழும்போது பயணிகளுக்குக் காப்பாகவும் இருந்தது. திறந்த தானுந்தில் பட்டையும் வளைவுச் சட்டமும் சேர்ந்தே முழுப் பயன் தரும்.

மறைவு

மிக்கெலோட்டி 1980 இல் தமது 58 ஆம் அகவையில் காலமானார்.