கிறித்தவக் கம்பர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை

நெல்லைச் சீமையின் காரையிருப்பு என்னும் சிற்றூரில் 1827ஆம் ஆண்டு, வைணவ நெறியில் ஊன்றிய வேளாளர் குடும்பத்தில் கிருஷ்ணபிள்ளை பிறந்தார். தந்தையார் சங்கரநாராயண பிள்ளை கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். அக்காப்பியத்தின் ஓசையைக் கேட்டே மைந்தர் வளர்ந்தார். பின்னர்த் திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் இலக்கண இலக்கியங்களை முறையாகக் கற்றுத் தேர்ந்தார். திருமாலுக்கு அடிமை பூண்ட நெஞ்சமும் கம்பனில் பழகிய நாவும் அவருக்கு இளமையிலேயே வாய்த்தன.

1853இல் சாயர்புரம் கிறித்தவக் கல்விக்கூடத்தில் தமிழாசிரியர் பணி கிடைத்தது. பிழைப்பின்பொருட்டே அங்குச் சென்றார். சமயம் மாறும் எண்ணம் அவருக்கு இல்லை. தம் முன்னோர் நெறியே உயர்ந்தது என்னும் உறுதியோடுதான் மாணவர்க்குத் தமிழ் புகட்டினார். ஆயினும் தம்பி முத்தையா பிள்ளை கிறித்துவை ஏற்றதும், நண்பர்களின் உரையாடலும், திருமறை வாசிப்பும் அவர் உள்ளத்தில் ஓயாத போராட்டத்தை எழுப்பின. 1858இல், பிறந்த ஊருக்கு வெகுதொலைவில், சென்னை மயிலாப்பூரில் திருமுழுக்குப் பெற்று ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயர் பூண்டார்.

அந்நாளில் உயர்குடியினர் ஒருவர் கிறித்தவராவது எளிய செயலன்று. உறவின் அரவணைப்பும் ஊரார் மதிப்பும் ஒருங்கே விலகும். புலவர் ஒருவருக்கோ இழப்பு இன்னும் ஆழமானது. அவர் கற்ற காப்பியங்களும் பாசுரங்களும் விட்டு வந்த சமயத்தின் செல்வங்கள். புதிய சபையிலோ செய்யுளினும் எளிய உரைநடைக்கே பயன் மிகுதி. பயின்ற புலமையைப் புதைத்துவிடுவதா, அதனையே இறைவனுக்குப் படையலாக்குவதா? விவிலியத்தில், தலைவன் தந்த தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனின் உவமை உண்டு. அவ்வூழியனைப்போல் ஆகக் கிருஷ்ணபிள்ளை இசையவில்லை.

அவர் குருவாகவோ ஊர்தோறும் சென்று போதிப்பவராகவோ ஆகவில்லை. சென்னையில் தினவர்த்தமானி இதழில் துணைபுரிந்தார். சாயர்புரத்திலும் பாளையங்கோட்டையிலும் திருவனந்தபுரத்திலும் தமிழே கற்பித்தார். தமிழாசிரியர் பணியே அவர் ஏற்ற வாழ்க்கை. அப்பணியின் இடையேதான் பெருங்காப்பியம் ஒன்று உருவாயிற்று.

ஆங்கிலேயராகிய ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உரைநடை உருவகக் கதை, அழிவின் நகரை விட்டு வானக நகர் நோக்கி நடக்கும் ஒருவனின் பயணத்தைக் கூறுவது. கிருஷ்ணபிள்ளை அதனைப் பெயர்த்தெழுதவில்லை. தமிழ்க் காப்பியமாகவே மீண்டும் படைத்தார். ஐந்து பருவங்களாக வகுத்து, நாட்டு வளம் பாடி, கம்பனின் சந்தங்களைக் கையாண்டார். பனியன் விரித்துரைக்காத கிறித்துவின் பாடுகளையும் சிலுவை மரணத்தையும் நெஞ்சுருகப் பாடிச் சேர்த்தார். இடையிடையே தேவாரம் எனப் பெயரிட்ட பக்திப் பாடல்களை அமைத்தார். ஆழ்வார்களின் நெகிழ்ச்சி அங்கே கிறித்துவின் திருவடியை நாடுகிறது. பாளையங்கோட்டை நற்போதகம் இதழில் பல ஆண்டுகள் பகுதி பகுதியாக வந்த இக்காப்பியம், 1894இல் இரட்சணிய யாத்திரிகம் என்னும் நூலாயிற்று. ஏறத்தாழ 3,800 செய்யுள்கள் கொண்ட அந்நூல் நிறைவுற்றபோது அவர் அறுபதைக் கடந்தவர். இரட்சணிய மனோகரம் என்னும் பக்திப் பாடல் தொகுதியும் அவர் தந்ததே.

அவரைக் கிறித்தவக் கம்பர் என்று தமிழுலகம் போற்றுகிறது. கம்பனை மறந்திருந்தால் அப்பெயர் அவருக்கு வாய்த்திராது. நம்பிக்கை மாறியபோதும் அவர் தம் மொழியின் மரபை அயலாகக் கருதவில்லை. தந்தையார் வீட்டில் செவிவழி பெற்ற ஓசையையே முதுமையில் தம் ஆண்டவருக்குக் காணிக்கையாக்கினார். 1900ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். தமிழ்க் கிறித்தவர் இல்லங்களிலும் ஆலயங்களிலும் அவர் பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன.