மலை ரெயிலைப் படம் பிடித்த டேவிட் லீன்

ஊட்டி மலை ரெயிலைப் பற்றிக் கேள்விப்படாத பிள்ளைகள் நம் பக்கத்தில் உண்டா? நாமக்கல் லாரிகளுக்குப் பேர் போன ஊர். அங்கே ரெயில் வந்ததே 2013-ம் ஆண்டில்தான். ஆனால் அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே, சேலம், நாமக்கல் பக்கத்துக் குடும்பங்கள் கோடை வந்தால் மேட்டுப்பாளையம் போய் மலை ரெயில் ஏறுவது உண்டு.

அந்தச் சின்ன ரெயிலை உலகம் முழுவதும் வெள்ளித் திரையில் காட்டியவர் ஓர் ஆங்கிலேயர். 75 வயதில் காமிராக்களோடு நம் மலைக்கு வந்தார். அவர்தான் டேவிட் லீன்.

மக்குப் பையன்

டேவிட் லீன் 1908-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி, லண்டனை அடுத்த குராய்டன் என்ற ஊரில் பிறந்தார். நமது மலை ரெயில் ஊட்டி வரை ஓடத் தொடங்கியதும் அதே 1908-ம் ஆண்டில்தான்!

தந்தை கணக்குத் தணிக்கை செய்பவர். குடும்பத்தினர் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். ஆடம்பரம் கூடாது, கேளிக்கை கூடாது என்று வாழ்ந்தார்கள். சினிமாவுக்குப் போகவே கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. தம்பியோ கெட்டிக்காரன். தம்பியை ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலைக்கு அனுப்பிய தந்தை, மூத்தவன் தேற மாட்டான் என்று முடிவு கட்டிவிட்டார்.

வீட்டு வேலைக்கு வந்த ஓர் அம்மாள், தான் பார்த்த சார்லி சாப்ளின் படங்களை அப்படியே நடித்துக் காட்டுவார். பையன் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பான். பார்க்காத சினிமாவின் மீது அவனுக்கு ஆசை வளர்ந்தது இப்படித்தான்.

பெட்டி காமிரா

லீனுக்குப் பத்து வயது இருக்கும். மாமா ஒருவர் அவனுக்கு ஒரு பெட்டி காமிரா வாங்கிக் கொடுத்தார். சிறு பிள்ளையை நம்பிக் காமிராவைக் கொடுப்பது அந்தக் காலத்தில் பெரிய காரியம். மக்கு என்று பேர் எடுத்த பையனை நம்பி, முதன் முதலாக ஒருவர் ஒரு பொருளைக் கொடுத்திருக்கிறார்!

பையன் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றினான். படம் எடுத்தான். பிலிமைத் தானே கழுவினான். தானே அச்சிட்டான்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் தந்தையின் அலுவலகத்தில் கணக்கு எழுத உட்கார்ந்தார். மனம் ஒட்டவில்லை. 1927-ம் ஆண்டு, 19 வயதில், லண்டனில் ஒரு சினிமா ஸ்டூடியோவில் போய்ச் சேர்ந்தார். தேநீர் கொண்டுவந்து கொடுப்பதும், எடுபிடி வேலை செய்வதும்தான் உத்தியோகம். அங்கிருந்து படிப்படியாக முன்னேறி, படத்தை வெட்டி ஒட்டும் எடிட்டர் ஆனார். பத்தாண்டுகளில் இங்கிலாந்தின் தலைசிறந்த எடிட்டர்களில் ஒருவர் என்று பேர் வாங்கினார்.

ஏறக்குறைய அதே காலத்தில்தான், திருச்செங்கோட்டில் பிறந்த டி.ஆர்.சுந்தரம், சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவைத் தொடங்கிப் படம் எடுத்து வந்தார்.

1942-ம் ஆண்டு லீன் டைரக்டர் ஆனார்.

கண்ணில் விழுந்த கரித்தூள்

கரி என்ஜின் காலத்தில் ரெயில் ஏறியவர்களுக்குத் தெரியும். ஜன்னலில் தலை நீட்டினால் கண்ணில் கரித்தூள் விழும். அதை வைத்தே ஒரு காதல் கதை எடுத்தார் லீன். "பிரீஃப் என்கவுண்டர்" என்ற அந்தப் படம் 1945-ம் ஆண்டு வெளிவந்தது.

ஒரு ரெயில் நிலையம். வேகமாகக் கடந்து போகும் எக்ஸ்பிரஸ் ரெயிலிலிருந்து கரித்தூள் பறந்து, ஒரு குடும்பப் பெண்ணின் கண்ணில் விழுகிறது. அங்கே நின்ற டாக்டர் அதை எடுத்துவிடுகிறார். அவரும் மணமானவர். இருவர் மனத்திலும் அன்பு பிறக்கிறது. கடைசியில் கடமையை நினைத்துப் பிரிகிறார்கள். இவ்வளவுதான் கதை.

அப்போது உலகப் போர் முடியவில்லை. லண்டனில் இரவில் விளக்குப் போட்டால் ஆபத்து. அதனால் வடக்கே வெகு தொலைவில் உள்ள கார்ன்போர்த் ரெயில் நிலையத்துக்குப் போய், இரவு நேரத்தில், குளிரில் நின்று படம் பிடித்தார்கள்.

அந்தப் படத்தில் புகையும் நீராவியும் நடிகர்களோடு சேர்ந்து நடிக்கின்றன. ரெயில் வந்தால் சேர்கிறார்கள். ரெயில் புறப்பட்டால் பிரிகிறார்கள். பிற்காலத்திலும் தம் படங்களில் ரெயிலை இப்படியே பயன்படுத்தினார் லீன். 1962-ம் ஆண்டு வந்த "லாரன்ஸ் ஆப் அரேபியா"வில் பாலைவனத்தில் ரெயிலைக் கவிழ்த்தார். 1965-ம் ஆண்டு வந்த "டாக்டர் ஷிவாகோ"வில் அகதிகளை அடைத்துக்கொண்டு போகும் சரக்கு ரெயிலைக் காட்டினார்.

பாலமும் ரெயிலும்

லீனின் புகழை உச்சிக்குக் கொண்டுபோனதும் ஒரு ரெயில்தான். அந்தப் படம் "குவாய் நதிப் பாலம்". 1957-ம் ஆண்டு வெளிவந்து, 7 ஆஸ்கார் பரிசுகளைத் தட்டிக்கொண்டு போனது.

படம் பிடித்த இடம் இலங்கை. மலைகள் சூழ்ந்த கித்துல்கல என்ற இடத்தில், களனி ஆற்றின் மேல், யானைகளைக் கொண்டு மரம் இழுத்து நிஜப் பாலம் ஒன்றைக் கட்டினார்கள். பழைய ரெயில் ஒன்றை வாங்கினார்கள். ரெயில் பாலத்தின் மீது வரும்போது வெடி வைத்துத் தகர்க்க வேண்டும். ஒரே தடவைதான் எடுக்க முடியும். தவறினால் பாலமும் போச்சு, ரெயிலும் போச்சு!

பல இடங்களில் காமிராக்களை வைத்தார்கள். ஒவ்வொரு காமிராக்காரரும் பத்திரமான இடத்துக்குப் போனதும் ஒரு விளக்கைப் போட வேண்டும். அதுதான் அடையாளம். இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்காவும் பார்க்க வந்திருந்தார்.

ரெயில் புறப்பட்டது. டிரைவர் குதித்துவிட்டார். ஆனால் ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை! அந்த ஆளுக்கு என்ன ஆயிற்றோ?

கண் மூடித் திறப்பதற்குள் முடிவு செய்ய வேண்டும். வெடிக்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டார் லீன். ஆள் இல்லாத ரெயில் பாலத்தைக் கடந்து போய், அந்தப் பக்கம் இருந்த மின்சார ஜெனரேட்டரில் மோதியது. பிறகு பார்த்தால், அந்தக் காமிராக்காரருக்கு ஒன்றும் இல்லை. விளக்கைப் போட மறந்துவிட்டார், அவ்வளவுதான். ரெயிலை இழுத்துச் சரி செய்து, மறுநாள் மீண்டும் ஓட்டி, பாலத்தைத் தகர்த்துப் படம் பிடித்தார்கள். பணம் போனால் போகட்டும், ஒரு உயிர் போகக் கூடாது என்று அவர் நினைத்ததை மறக்க முடியாது.

படத்தில் வராதவர்கள்

இங்கே நாம் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தப் படம் கற்பனைக் கதை. ஆனால் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் போட்ட ரெயில் பாதை கற்பனை அல்ல. 1942, 1943-ம் ஆண்டுகளில், காட்டிலும் மலையிலும் 415 கிலோமீட்டர் தூரத்துக்கு அந்தப் பாதையைப் போட்டார்கள். 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளைக்காரப் போர்க் கைதிகள் அதில் மாண்டார்கள். அவர்களைப் போலப் பல மடங்கு, சுமார் 90 ஆயிரம் ஆசியத் தொழிலாளிகள், மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பலர் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள்.

அந்தத் தோட்டங்களுக்குச் சேலம், திருச்சி, தஞ்சை ஜில்லாக்களிலிருந்து ஆள் கட்டிப்போனது நம் பாட்டன் காலத்துக் கதை. காலராவிலும் பசியிலும் செத்த அந்த ஏழைகளை லீனின் படம் காட்டவில்லை. வெள்ளைக்கார அதிகாரிகளின் கதையைத்தான் காட்டியது. படம் சிறந்த படம்தான். ஆனாலும் அதைப் பார்க்கும் தமிழர், திரையில் வராத அந்தப் பல்லாயிரம் பேரையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

14 ஆண்டு மௌனம்

வெற்றி மேல் வெற்றி கண்ட லீனுக்கு 1970-ம் ஆண்டு ஓர் அடி விழுந்தது. "ரயன்ஸ் டாட்டர்" என்ற அவருடைய படத்தை விமர்சகர்கள் கிழித்துவிட்டார்கள். நியூயார்க்கில் அவரை நடுவில் உட்கார வைத்து, நேருக்கு நேராகவே குத்திக் காட்டினார்கள். மனம் உடைந்த லீனின் அடுத்த படம் வெளிவர 14 ஆண்டுகள் ஆயின!

குடும்ப வாழ்க்கையிலும் அவருக்கு நிம்மதி இல்லை. ஆறு முறை மணந்தார். ஐந்து முறை மணமுறிவு. மனைவியரில் ஒருவர் ஐதராபாத்தைச் சேர்ந்த லீலா. தொழிலுக்குக் கொடுத்த பொறுமையை வீட்டுக்கு அவர் கொடுக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

நீலகிரியில் லீன்

75 வயதில் மீண்டும் எழுந்தார். "எ பாசேஜ் டு இந்தியா" என்ற நாவலைப் படமாக்க இந்தியாவுக்கு வந்தார். கதையில் ஒரு ரெயில் பயணம் வருகிறது. அதற்கு லீன் தேர்ந்தெடுத்தது நமது நீலகிரி ரெயில்!

இந்த ரெயிலின் அதிசயம் என்ன? மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். மிகவும் செங்குத்தான இடத்தில் 12 அடி போனால் ஒரு அடி ஏற வேண்டும். சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும். ஆகவே, கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் பாதை போட்டிருக்கிறார்கள். என்ஜினின் பல் சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். மேலே ஏறும்போது என்ஜின் முன்னால் இழுப்பதில்லை. பின்னால் இருந்து தள்ளுகிறது!

லீனின் படத்தில் இந்த ரெயில் மெல்லப் போகும்போது, டாக்டர் அஜீஸ் வேடத்தில் நடித்த விக்டர் பானர்ஜி, பெட்டிக்கு வெளியே தொற்றிக்கொண்டு வருவார். கீழே பள்ளம். உள்ளே இருக்கும் வெள்ளைக்காரப் பெண்கள் பதறுவார்கள். அவரோ குழந்தைபோலச் சிரிப்பார். பார்க்கிறவர்களுக்குக் குலை நடுங்கும். நாம் யாரும் செய்து பார்க்கக் கூடாத காரியம்!

படத்தை லீனே எழுதினார், லீனே எடிட் செய்தார். 1984-ம் ஆண்டு வெளிவந்த அந்தப் படத்துக்கு 2 ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன. அதே ஆண்டு இங்கிலாந்து அரசு அவருக்கு "சர்" பட்டம் அளித்தது. அதுவே அவருடைய கடைசிப் படம். அடுத்த படத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோதே, 1991-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி, 83-ம் வயதில் லண்டனில் காலமானார்.

நீலகிரி ரெயிலை 2005-ம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. இனி அதில் ஏறும்போது, வீட்டார் தேற மாட்டான் என்று கைவிட்ட ஒரு பையனையும், அவனை நம்பிக் காமிரா கொடுத்த மாமாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் படிப்பு ஏறாத பிள்ளை இருக்கலாம். மக்கு என்று தள்ளிவிடாதீர்கள். அவன் கை எதைத் தேடுகிறது என்று பாருங்கள். முடிந்தால் அதை வாங்கிக் கொடுங்கள்.