கம்பியின் ஓய்வைப் போக்கியவர்

வீட்டிற்கு இணையச் சேவை பெற விரும்புவோர், அதன் வேகம் எத்தனை மெகாபிட், எத்தனை ஜிகாபிட் என்றுதான் இன்று முதலில் கேட்கின்றனர். அந்த அலகுகள் வழக்கத்திற்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே, தந்தியின் வேகம் ‘போட்’ என்னும் அலகால் அளக்கப்பட்டது. அது ஒரு மனிதரின் பெயரிலிருந்து பிறந்த சொல். தொடக்கப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய ஓர் உழவர் மகனின் பெயர், உலகம் முழுவதும் வழங்கும் அலகாக மாறியது எப்படி?

எமில் போடோ 1845ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள், பிரான்சின் வடகிழக்குப் பகுதியில் உள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார். ஊர்ப் பள்ளியில் படித்து முடித்ததும் தந்தையின் பண்ணையில் வேலை செய்தார். 1869ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தந்தித் துறையில் பயிற்சி ஊழியராகச் சேர்ந்தார். அங்கே மோர்ஸ் தந்தி முறையையும், எழுத்துகளைத் தாளில் அச்சிடும் ஹியூஸ் இயந்திரத்தையும் இயக்கக் கற்றுக்கொண்டார். 1870ஆம் ஆண்டில் மூண்ட போரில் சிறிது காலம் பணியாற்றிய பிறகு, 1872ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் மீண்டும் தந்திப் பணியைத் தொடங்கினார்.

நாள்தோறும் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்த போடோ ஓர் உண்மையைக் கவனித்தார். ஊழியர் ஓர் எழுத்தை அனுப்பிவிட்டு அடுத்த எழுத்துக்கு விரலைக் கொண்டு செல்வதற்குள், கம்பி எந்த வேலையும் இல்லாமல் கிடந்தது. பெரும் பொருட்செலவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் இழுக்கப்பட்ட கம்பி, பெரும்பாலான நேரம் ஓய்விலேயே இருந்தது. அந்த ஓய்வு நேரத்தை வேறு ஊழியர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தால், ஒரே கம்பியில் பலருடைய செய்திகளை அனுப்பலாம் என்று அவர் எண்ணினார்.

அதற்கு ஒரு தடை இருந்தது. மோர்ஸ் முறையில் எல்லா எழுத்துகளும் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. ஓர் எழுத்துக்கு ஒரு புள்ளியே போதும். மற்றோர் எழுத்துக்கு நான்கு குறிகள் வேண்டும். நீளம் மாறிக்கொண்டே இருந்தால் நேரத்தைச் சமமாகப் பங்கிட முடியாது. ஆகவே, போடோ ஒவ்வோர் எழுத்துக்கும் சம நீளமுள்ள ஐந்து குறிகளை வகுத்தார். ஐந்து குறிகளால் எழுத்தைக் காட்டும் எண்ணம் அவருக்கு முன்பே சிலருக்குத் தோன்றியிருந்தது. அதை நாள்தோறும் உழைக்கும் தந்தி இயந்திரமாக மாற்றிக் காட்டியதே போடோவின் சாதனை. ஒவ்வொரு குறியும் இரண்டு நிலைகளில் ஒன்றில் இருப்பதால், ஐந்து குறிகளைக் கொண்டு 32 வகை அமைப்புகளை உருவாக்க முடிந்தது.

கம்பியின் இரு முனைகளிலும் ஒரே வேகத்தில் சுழலும் கருவிகளை அவர் பொருத்தினார். சுழலும் கை ஒவ்வோர் ஊழியரின் இணைப்பையும் முறையாகத் தொட்டுச் சென்றது. தம் முறை வந்ததை அறிவிக்கும் ஒலியைக் கேட்டதும், ஊழியர் ஐந்து விசைகளில் வேண்டியவற்றை அழுத்த வேண்டும். இரு முனைகளின் சுழற்சியும் சற்றே பிசகினாலும் செய்தி குழம்பிவிடும்.

இந்த ஆய்வைத் தம் சொந்த நேரத்தில் செய்துகொள்ளவே தந்தித் துறை அவருக்கு இசைவு தந்தது. செலவின் பெரும்பகுதியையும் அவரே ஏற்க வேண்டியிருந்தது. 1874ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்றார். 1877ஆம் ஆண்டில் பாரிசுக்கும் போர்டோ நகருக்கும் இடையே அவருடைய முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. அடுத்த ஆண்டு பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. ஆனால், ஆய்வுக்குப் பணம் போதாமல் 1880ஆம் ஆண்டில் அந்தப் பதக்கத்தையே அவர் விற்றார்.

துன்பங்கள் அத்துடன் நிற்கவில்லை. உடல்நலக் குறைவு அவரை வாழ்நாள் முழுவதும் வாட்டியது. 1890ஆம் ஆண்டு சனவரியில் திருமணம் செய்துகொண்டார். மூன்று மாதம் நிறைவதற்குள் மனைவி இறந்துபோனார். ஆயினும், அவர் தம் கருவியை மேம்படுத்தும் பணியைக் கைவிடவில்லை. 1903ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள், 57ஆம் வயதில் போடோ காலமானார்.

அக்காலத்தில் தந்தியின் வேகத்தை நிமிடத்திற்கு இத்தனை சொற்கள் என்று கணக்கிட்டனர். சொல்லின் நீளம் மொழிக்கு மொழி வேறுபடும் என்பதால் பொதுவான அளவு தேவைப்பட்டது. 1926ஆம் ஆண்டில் அனைத்துலகத் தந்தி வல்லுநர் குழு, ஒரு வினாடியில் செல்லும் குறிகளின் எண்ணிக்கையை அளக்கும் அலகுக்குப் ‘போட்’ என்று பெயரிட்டது. அந்தப் பெருமையைக் காண அவர் உயிரோடு இல்லை.

போடோவின் கருவியை இன்றைய அலகால் அளந்து பார்க்கலாம். ஓர் ஊழியர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 30 சொற்களை அனுப்பினார். இடைவெளியையும் சேர்த்து ஒரு சொல்லுக்கு ஆறு எழுத்து என்று கொண்டால், நிமிடத்திற்கு 180 எழுத்துகள். அதாவது வினாடிக்கு மூன்று. எழுத்துக்கு ஐந்து குறிகள் என்பதால் வினாடிக்கு 15 குறிகள். நான்கு ஊழியர்கள் ஒரே கம்பியைப் பகிர்ந்தால் 60 குறிகள், அதாவது 60 பிட். ஒரு ஜிகாபிட் என்பது 1,000 மில்லியன் பிட். அந்த வேகத்தை எட்ட, அத்தகைய கம்பிகள் 16 மில்லியனுக்கும் மேல் வேண்டும்!

போட்டும் பிட்டும் எப்போதும் சமமல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். போடோவின் கம்பியில் ஒரு குறி ஒரு பிட்டை மட்டுமே சுமந்தது. பின்னாளில் வந்த மோடம்களில் ஒரே குறி நான்கு பிட்டுகளைச் சுமந்தது. அதனால் 2,400 போட் வேகத்தில் இயங்கிய மோடம், வினாடிக்கு 9,600 பிட்டுகளை அனுப்பியது.

இன்று வீடுகளுக்கு வரும் கண்ணாடி இழையிலும் பல வீடுகளின் தரவுகள் நேரத்தைப் பங்கிட்டு, முறைவைத்துச் செல்கின்றன. வேகம் பல மில்லியன் மடங்கு பெருகிவிட்டது. ஆனால், வெறுமனே கிடந்த கம்பியைப் பார்த்து ஒரு தந்தி ஊழியர் கண்ட வழி, இன்றும் பயன் தந்துகொண்டிருக்கிறது.