ஹிப்போவின் அகுஸ்தீன்

ஹிப்போவின் அகுஸ்தீன் (நவம்பர் 13, 354 – ஆகஸ்ட் 28, 430) வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த கிறித்தவ ஆயரும் இறையியலாளரும் மெய்யியலாளரும் ஆவார். கத்தோலிக்கத் திருச்சபை இவரைப் புனிதராகவும் மறைவல்லுநராகவும் போற்றுகிறது. லூதர், கால்வின் முதலிய சீர்திருத்தவாதிகளும் இவரது நூல்களைப் பெரிதும் பின்பற்றினர். மனித உள்ளம் எங்கே உண்மையான இளைப்பாறுதலைக் காணும் என்ற கேள்வி இவரது வாழ்விலும் எழுத்திலும் இறுதிவரை தொடர்ந்து வருகிறது.

இளமை

அகுஸ்தீன் உரோமைப் பேரரசின் நுமிதியா பகுதியிலிருந்த தகாஸ்தே என்னும் சிற்றூரில் பிறந்தார். இது இன்றைய அல்ஜீரியாவிலுள்ள சூக் அஹ்ராஸ் நகரமாகும். தந்தை பத்ரீசியுஸ் சிறு நிலவுடைமையாளர். தம் வாழ்வின் இறுதியில்தான் கிறித்தவரானார். தாய் மோனிக்கா தொடக்கம் முதலே உறுதியான கிறித்தவர்.

பணமின்மையால் படிப்பு தடைபட்டு வீட்டிலிருந்த பதினாறாம் வயதில், நண்பர்களோடு சேர்ந்து பிறர் மரத்துப் பேரிக்காய்களைத் திருடிப் பன்றிகளுக்கு எறிந்தார். பசியோ தேவையோ இல்லாத இத்திருட்டு ஏன் இன்பம் தந்தது என்று பிற்காலத்தில் தாம் எழுதிய 'ஒப்புதல்கள்' நூலில் நெடிது ஆராய்கிறார். இச்சிறு குற்றத்துக்கு இவ்வளவு வருத்தமா என்று வாசிப்போர்க்குத் தோன்றலாம். அவர் ஆராய்ந்தது பழத்தை அன்று, காரணமின்றித் தீமையை நாடிய மனத்தையே.

கார்த்தேஜ்

பின்னர் கார்த்தேஜ் நகருக்குச் சென்று சொற்கலை பயின்றார். அங்கு ஒரு பெண்ணுடன் மணமின்றி வாழத் தொடங்கினார். இவர்களுக்கு அதெயோதாத்துஸ் என்னும் மகன் பிறந்தான். அப்பெண்ணின் பெயரை அகுஸ்தீன் தம் நூலில் எங்குமே குறிப்பிடவில்லை.

பத்தொன்பதாம் வயதில் சிசெரோவின் 'ஹோர்த்தேன்சியுஸ்' என்ற நூலைப் படித்ததும் மெய்யறிவின்மீது தணியாத வேட்கை கொண்டார். விவிலியத்தைத் திறந்து பார்த்தபோது அதன் எளிய நடை அவருக்குப் பிடிக்கவில்லை. நன்மை, தீமை இரண்டையும் இரு தனி ஆற்றல்களாகக் கண்ட மானி சமயத்தைத் தழுவி ஒன்பது ஆண்டுகள் அதில் இருந்தார். இக்காலத்தில் நெருங்கிய நண்பர் ஒருவர் காய்ச்சலால் இறந்தார். அதன்பின் சொந்த ஊரே தாங்க முடியாததாகிவிட, கார்த்தேஜுக்கே திரும்பி அங்கு ஆசிரியரானார். மானி சமய அறிஞர் பவுஸ்துஸ் தம் ஐயங்களைத் தீர்ப்பார் என்று காத்திருந்தார். அவரிடம் இனிய பேச்சு இருந்ததே தவிர விடைகள் இல்லை.

மிலான்

383-இல், உடன்வர விரும்பிய தாயை ஏமாற்றிவிட்டு இரவில் கப்பலேறி உரோமை சென்றார். அங்கு மாணவர்கள் கட்டணம் செலுத்தும் நேரத்தில் வேறு ஆசிரியரிடம் மாறிவிடுவது வழக்கமாக இருந்தது. அடுத்த ஆண்டே, பேரரசின் அவை இருந்த மிலான் நகரில் சொற்கலைப் பேராசிரியர் பதவி கிடைத்தது. பேரரசரைப் புகழ்ந்து உரை நிகழ்த்தக் கவலையோடு ஆயத்தம் செய்துகொண்டிருந்த நாளில், குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்த பிச்சைக்காரர் ஒருவரைத் தெருவில் கண்டார். அந்தப் பொய்யான மகிழ்ச்சிகூடத் தம்மிடம் இல்லை என்பது அவரை வாட்டியது.

மிலான் ஆயர் அம்புரோசியாரின் மறையுரைகள் விவிலியத்தை வேறு விதமாக வாசிக்கக் கற்றுக்கொடுத்தன. பிளேட்டோவியர்களின் நூல்கள், கடவுளைப் பருப்பொருளாகக் கருதும் எண்ணத்திலிருந்து அவரை விடுவித்தன. அறிவு தெளிந்தபின்னும் வாழ்க்கையை மாற்ற மனம் துணியவில்லை. இதனிடையே செல்வக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தியுடன் திருமணம் பேசப்பட்டதால், பல்லாண்டு உடன்வாழ்ந்த பெண் மகனை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அகுஸ்தீன் பெரிதும் வருந்தினார். எனினும் அத்திருமணத்துக்குக் காத்திருக்கப் பொறாமல் வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். இதையும் அவரே எழுதியிருக்கிறார்.

386-ஆம் ஆண்டு கோடையில், தாம் தங்கியிருந்த வீட்டுத் தோட்டத்தில் அழுதுகொண்டிருந்தபோது, எடுத்து வாசிக்கும்படி ஒரு குழந்தை பாடுவது அண்டை வீட்டிலிருந்து கேட்டது. அதைக் கடவுளின் கட்டளையாக ஏற்று, புனித பவுலின் திருமுகங்களைத் திறந்து, உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் கண்ணில் பட்ட பகுதியை வாசித்தார். நெடுங்காலப் போராட்டம் அத்துடன் அடங்கியதாக அவர் கூறுகிறார். திருமணத்தையும் பதவியையும் துறந்தார். 387-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவில் மகனோடும் நண்பர் அலிப்பியுசோடும் அம்புரோசியாரிடம் திருமுழுக்குப் பெற்றார். நாடு திரும்பும் வழியில் ஓஸ்தியா துறைமுகத்தில் மோனிக்கா காலமானார்.

ஆயர் பணி

தகாஸ்தேயில் நண்பர்களுடன் செபத்திலும் படிப்பிலும் அமைதியாக வாழ்வதே இவரது விருப்பமாக இருந்தது. அவ்வமைதி நீடிக்கவில்லை. மகன் இளவயதிலேயே இறந்தான். 391-இல் ஹிப்போ (இன்றைய அன்னாபா) சென்றபோது, கோவிலில் கூடியிருந்த மக்கள் இவரைப் பிடித்து முன்னே நிறுத்திக் குருவாக்கும்படி வேண்டினர். அகுஸ்தீன் கண்ணீர் விட்டார். உயர்பதவி கிடைக்கவில்லையென்று அழுவதாக எண்ணிச் சிலர் தேற்றினார்களாம். சில ஆண்டுகளில் ஆயரானார். மறையுரை, கடிதங்கள், நூல்கள், ஊர்மக்களின் சொத்து வழக்குகள் என நாள் முழுதும் வேலை இருந்தது. இளைப்பாறுதலைப் பற்றி இவ்வளவு எழுதியவருக்கு ஓய்வு மட்டும் கிடைக்கவே இல்லை. சிறைப்பட்டோரை மீட்கக் கோவிலின் பாத்திரங்களையும் உருக்கச் செய்தார்.

தொனாத்துப் பிரிவினருடனான பூசலில், தொடக்கத்தில் வற்புறுத்தலை எதிர்த்த இவர், பின்னர் அவர்கள்மீது அரசின் வலுவைப் பயன்படுத்துவதை ஆதரித்தார். பிற்காலத்தார் பலர் இதைச் சமய ஒடுக்குமுறைக்குச் சான்றாகக் காட்டினர். இவரது வாழ்வில் எளிதில் கடந்துவிட முடியாத பகுதி இது.

கடவுளின் நகரம்

410-இல் அலாரிக் தலைமையிலான விசிகோத்துகள் உரோமையைச் சூறையாடினர். பழைய தெய்வங்களைக் கைவிட்டதே காரணம் என்று கிறித்தவர்கள்மேல் பழி எழுந்தது. இதற்கு மறுமொழியாக 413 முதல் 426 வரை 22 பகுதிகள் கொண்ட 'கடவுளின் நகரம்' நூலை எழுதினார். எந்தப் பேரரசும் நிலையானதன்று, ஆகவே நம்பிக்கையை அதில் வைத்தல் ஆகாது என்பது இவரது வாதம். முடிவில்லா ஓய்வுநாளைப் பற்றிய விளக்கத்துடன் அந்நூல் நிறைவடைகிறது. 'ஒப்புதல்கள்' நூலும் ஏழாம் நாள் ஓய்விலேயே முடிவது குறிப்பிடத்தக்கது.

இறுதி நாட்கள்

429-இல் வாண்டல்கள் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தனர். அடுத்த ஆண்டு ஹிப்போ முற்றுகையிடப்பட்டது. முற்றுகையின் மூன்றாம் மாதத்தில் அகுஸ்தீன் காய்ச்சலில் விழுந்தார். அவருடன் இருந்த ஆயர் பொசிதியுஸ் எழுதிய வரலாற்றின்படி, மனவருத்தத் திருப்பாடல்களை எழுதிச் சுவரில் ஒட்டச் செய்து, படுத்தபடியே அவற்றை வாசித்து அழுதார். மருத்துவர் வரும்போதும் உணவு வரும்போதும் தவிர வேறு யாரும் உள்ளே வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஏறத்தாழ பத்து நாட்கள் இவ்வாறு கழிந்தன. 76-ஆம் வயதை நெருங்கிய நிலையில் உயிர் நீத்தார். கொடுப்பதற்குச் சொத்து எதுவும் இல்லாததால் உயில் எழுதவில்லை. நூலகத்தைப் பாதுகாக்கும்படி மட்டும் சொல்லியிருந்தார். ஹிப்போ பின்னர் வீழ்ந்தபோதிலும் அவரது நூல்கள் தப்பின. அவரது உடல் எச்சங்கள் இத்தாலியின் பாவியா நகரிலுள்ள புனித பேதுரு கோவிலில் வைக்கப்பட்டுள்ளன.